மழையிலும் கண்ணாடியை இறக்கி வந்த பன்னிரண்டு பேர், எழுபது அக்காவுக்கு வாசித்தளிக்கும் மடல்

வாகனத் தகுதிச் சோதனை நிலையத்தின் கண்ணாடிப் பிரிவில் முப்பத்தோராண்டுக் காலம் ஒரே நாற்காலி, ஒரே மேசை, ஒரே ஒளிமானி, ஒரே முகம் என்று வீற்றிருந்து, இன்று மாலையோடு பணி நிறைவு பெறும் முதுநிலை ஆய்வாளர், எங்கள் எழுபது அக்கா அவர்களுக்கு, அதே நிலையத்தின் பணியாளர் பன்னிரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தளிக்கும் மடல்.

வெளிச்சத்துக்காக வாதாட வந்த வித்தகரே! கருந்தாள் ஒட்டியோர் கனவிலும் கண்டு கலங்கும் கண்ணியரே! கூட்டிச் சொல்லாத, குறைத்துச் சொல்லாத கூர்மதியே! வணங்குகிறோம்.

இதுபோன்ற மடல்களில் கடலே, மலையே, கார்முகிலே என்று விளிப்பதுதான் முறை. நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம். பிறகு, "கடலை அளந்து பார்த்தீங்களா? அளக்காம எப்படி எழுதினீங்க?" என்று தாங்கள் கேட்பது காதில் விழுந்ததுபோல் இருந்ததால் அடித்துவிட்டோம். ஆகவே இம்மடலில் இருப்பவை எல்லாம் அளந்தவை. அளக்க அளக்க நாங்கள்தான் குறைந்துகொண்டே போனோம்.

எழுபதுக்கு ஒன்று குறைந்தாலும் இசையாதவரே!

முன் கண்ணாடியும் முன் கதவுக் கண்ணாடிகளும் நூற்றுக்கு எழுபது பங்கு வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும். பின்னால் இருப்பவை ஐம்பது பங்காவது விட வேண்டும். விதி இரண்டே வரி. இந்த இரண்டு வரியைப் புரிந்துகொள்ள மறுத்தவர்கள் முப்பத்தோராண்டாகத் தங்கள் மேசைக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். வெயில் தாங்காத தோல் என்று முகத்தைச் சுளித்தவரிடம் மருத்துவர் சான்று கேட்டீர்கள். உண்மையிலேயே சான்றோடு வந்தவருக்குத் தாங்களே விலக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, அதன் நகலைக் காரை விட்டு எடுக்கவே கூடாது என்று மூன்று முறை சொல்லி அனுப்பினீர்கள். பெரிய இடத்துக் கார் வந்தபோதும் எழுந்து நிற்காமல், ஒளிமானியின் ஒரு பாதியைக் கண்ணாடிக்கு உள்ளேயும் மறு பாதியை வெளியேயும் ஒட்ட வைத்து, அது காட்டிய எண்ணைக் காட்டியபடியே எழுதினீர்கள்.

கண்ணாடியில் ஒட்டும் ஃபிலிம் சுற்றி வந்த அட்டைப்பெட்டியையே சாட்சிக்குத் தூக்கிக்கொண்டு வந்த துணி வியாபாரியை நாங்கள் மறக்கவில்லை.

"பெட்டி மேலேயே எழுபதுன்னு போட்டிருக்கே மேடம், படிச்சுப் பாருங்க."

"பெட்டி எழுபதுதான். ஆனா உங்க கண்ணாடி, ஃபிலிம் ஒட்டறதுக்கு முன்னாடியே எண்பதுதானே. எண்பதுல எழுபது பங்கு எவ்வளவு?"

அவர் விரலை மடக்கி, மேலே பார்த்து, "அம்பத்தாறு" என்றார்.

"நல்லாத்தான் கணக்குப் போடறீங்க. ஒட்டறதுக்கு முன்னாடி போட்டிருக்கலாம்."

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் தாங்கள் சொன்ன பதில் ஒன்றுதான். சாலையைக் கடக்கிறவர் முதலில் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் தம்மைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைக்க வேண்டும். கண் தெரியாத காருக்கு முன்னால் யாரும் நடக்க முடியாது. இதைத் தாங்கள் ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் சொல்வதைப் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து நாற்பது முறையும் கேட்டவர்கள் நாங்கள். கேட்டுவிட்டு நாங்கள் செய்த காரியத்தைத்தான் இனிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பன்னிரண்டு பேர் காரிலும் ஃபிலிம் இருந்தது.

யார் முதலில் ஒட்டினார்கள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவோம். யார் காரில் எத்தனை என்பது மட்டும் எல்லோருக்கும் அத்துப்படி. தாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் அரைமணி நேரத்தில் தங்கள் மேசை இழுப்பறையிலிருந்து ஒளிமானியை எடுத்துப் போய், அவரவர் காரை அளந்துவிட்டு, துடைத்து, அதே கோணத்தில் திரும்ப வைத்திருக்கிறோம். இதற்கு முறை வைத்திருந்தோம் என்றால் நம்புவீர்களா? செவ்வாய் தட்டச்சர், புதன் வாயிற்காவலர்.

சோதனை நிலையத்துப் பணியாளர் காரிலேயே கறுப்புக் கண்ணாடி என்று பதிவானால் அன்றே பணியிடை நீக்கம். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஏற்றிய கண்ணாடியைத்தானே அளக்க முடியும்? கதவுக்குள் இறக்கிவிட்ட கண்ணாடியை எந்த மானியும் அளக்காது. ஆகவே நிலையத்துக்கு முன்னால் இருக்கும் திருப்பத்துக்கு வந்ததும் பன்னிரண்டு கார்களின் கண்ணாடிகளும் சொய்யென்று கீழே இறங்கும். மாலையில் அதே திருப்பத்தைத் தாண்டியதும் சொய்யென்று மேலே ஏறும். கோடையில் புழுதி, குளிரில் பல் கிட்டும். மழைக்காலத்தில் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் கீழே குட்டை கட்டும். தட்டச்சர் ஒரு மாற்றுச் சட்டையை அலமாரியிலேயே வைத்திருந்தார். "இங்க இருக்கறவங்க எல்லாரும் காத்துப் பிரியர்கள்" என்று புதிதாக மாறுதலாகி வந்த நிலையத் தலைவரிடம் வாயிற்காவலர் சொன்னபோது, தாங்கள் ஏட்டை விட்டுத் தலை தூக்காமல் "ஆமா, நல்ல காத்து" என்றீர்கள். தங்களை ஏமாற்றிவிட்டோம் என்று அன்று மாலை தேநீர்க் கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இந்தப் பன்னிரண்டு பேரில் நம் தலைமை எழுத்தரின் கதையைத் தனியே சொல்லியாக வேண்டும். தாங்கள் அவரை 'தம்பி' என்றே அழைப்பீர்கள். ஐம்பத்தைந்து வயதுத் தம்பி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். காலில் போடும் செருப்புக்குக் கூட எண் போட்டு வைக்கும் ஒழுங்கு. அவர் கார் நான்கு ஆண்டுகள் ஃபிலிம் இல்லாமல்தான் ஓடியது. ஒரு திருமணத்துக்குப் போய்த் திரும்பியபோதுதான் வந்தது வினை. சம்பந்தி வீட்டுக் கார் கருகருவென்று நிற்க, அதன் பக்கத்தில் இவருடையது நின்றிருக்கிறது.

"நம்ம காரு மட்டும் மீன் தொட்டி மாதிரி இருக்குங்க" என்றார் அவர் மனைவி. "நான் வாயைத் திறந்துட்டுத் தூங்கறதை ஊரே பார்த்துட்டு வருது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஒட்டியாகிவிட்டது. பெட்டியில் போட்டிருந்த எண்ணை அவர் பார்த்தார், பெருக்கியும் பார்த்தார். இருபத்திரண்டு. தெரிந்தே ஒட்டினார். அதற்குப் பிறகு அவரும் திருப்பத்தில் கண்ணாடியை இறக்கும் கூட்டத்தில் சேர்ந்தார். மழையில் நனையாமலிருக்க மடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டுக்கொள்வார். அதற்கும் எண் போட்டிருந்தார்.

குடை இழந்தும் குறை கூறாதவரே!

எட்டு மாதங்களுக்கு முன், மழை பெய்த ஒரு மாலை ஐந்தரை மணி. தாங்கள் குடையோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருந்தீர்கள். தலைமை எழுத்தர் வாயிலைத் தாண்டி, திருப்பத்துக்கு வந்து, வழக்கம்போலக் கண்ணாடியை ஏற்றினார். வெளியே பாதி இருட்டு, உள்ளே முழு இருட்டு. பக்கக் கண்ணாடியில் மழைத் துளிகளைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று எண்ணித் திருப்பினார். டப்பென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் குடை சக்கரத்துக்கு அடியில். தாங்கள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அது ஒளிமானி பிடிக்கும் கை.

அவர்தான் தங்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அதை மறுக்க முடியாது. அங்கே தாழ்வாரத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து, அலுவலக விபத்துப் படிவத்தைத் தாங்கள் சொல்லச் சொல்ல, முத்து முத்தான கையெழுத்தில் அவரே நிரப்பினார். ஒன்பதாவது கேள்விக்கு வந்தபோது தாங்கள் நிறுத்தினீர்கள்.

"கண்ணாடி மேல இருந்துச்சா, கீழ இருந்துச்சா தம்பி?"

அவர் பேனாவைப் பார்த்தார். மனதில் என்னென்ன ஓடியது என்று பிறகு எங்களிடம் சொல்லியிருக்கிறார்: பணியிடை நீக்கம், சம்பந்தி வீடு, மனைவி, மற்ற பதினொரு பேர். இத்தனையும் ஓடி முடிய எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஒரு மூச்சு.

"கீழேதான்க்கா."

தாங்கள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு, "எழுதிக்கோங்க" என்றீர்கள். "ஓட்டுநர் கூற்றுப்படி, கீழே."

தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். அவர் கண்ட முதல் காட்சியே, காலையில் சாரல் மழையில் பன்னிரண்டு கார்கள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு உள்ளே வந்ததுதான். அவருக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போதாக்குறைக்கு நாங்களும் ஒரு கூட்டு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தோம். கண்ணாடி இறக்கப்பட்டிருந்தது, இந்நிலையத்தார் எப்போதும் அப்படித்தான் ஓட்டுவர், கீழே பன்னிரண்டு கையொப்பம். ஒருவர் காரை அளந்தால் பன்னிரண்டு காரும் மாட்டிக்கொள்ளும் என்ற பயம். தங்களை அழைத்து அதிகாரி கேட்டபோது, "அளக்கலைங்க" என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டீர்கள். பிடிவாதக்காரர் என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

ஓட்டுநருக்குப் பார்வைத் தடை ஏதும் இருக்கவில்லை, விபத்துக்குக் காரணம் நடந்து சென்றவரின் கவனக்குறைவே என்று தீர்ப்பு வந்தது. முப்பத்தோராண்டாக ஒரு கீறல் இல்லாத தங்கள் பணிப்பதிவேட்டில் அந்த வரி ஏறியது. அதை எழுதி ஏற்றியவர் யார் என்று நினைக்கிறீர்கள்? பதிவேடுகள் எல்லாம் தலைமை எழுத்தரின் பொறுப்பு.

விபத்து நடந்த மூன்றாம் நாள் அவர் மனைவியையும் அழைத்துக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் புதுக் கறுப்புக் குடையுமாகத் தங்கள் வீட்டுக்கு வந்தார். மழை நின்றுவிட்டதைப் பற்றிப் பேசினார். தாங்கள் அந்தக் குடையை வாங்கிக்கொண்டீர்கள். அதைத்தான் இந்த எட்டு மாதமும் கொண்டு வந்தீர்கள். தினமும் மாலையில் அந்தக் குடை எங்கள் கார்களுக்கு நடுவே ஆடி ஆடிப் போகும். நாங்கள் எல்லோரும் அப்போது எதையாவது குனிந்து தேடிக்கொண்டிருப்போம்.

இனி, மூன்று வாரத்துக்கு முன் நடந்தது. பணி நிறைவுச் சான்றிதழைத் தலைமை எழுத்தர் தயாரித்துக்கொண்டிருந்தார். மாசு மறு இல்லாதவர்களுக்கு 'களங்கமற்ற பணி' என்று அதில் வரும். பதிவேட்டில் ஒரு வரி இருந்தாலும் அப்படி எழுத விதி இடம் தராது. 'பொதுவாகத் திருப்திகரமான பணி' என்றுதான் எழுத வேண்டும். அவரே எழுதினார். எழுதி முடித்துவிட்டு அந்தப் 'பொதுவாக' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று தட்டச்சர் சொல்கிறார். தாளை உருவினார், சுருட்டினார், வேறு தாளில் மறுபடி எழுதினார். மறுபடியும் 'பொதுவாக'தான். விதி வேறு சொல் தரவில்லை.

அன்று பிற்பகல் பொறுப்பு ஒப்படைப்பு. தங்கள் கண்ணாடிப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக் கையெழுத்திட்டுக்கொண்டே வந்தவர், எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கத்தில் நின்றுவிட்டார். விபத்து நடந்த தேதி. கடைசி வரிசையில் அவருடைய கார் எண். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. இடது கையால் எழுதியது. 'அளவு' என்ற கட்டத்தில்: அளக்கப்படவில்லை. 'கண்ணால் கண்டது' என்ற கட்டத்தில் ஒரே வரி.

என் முகம் தெரிந்தது.

அதற்கு விளக்கம் யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தாங்கள் அந்தத் திருப்பத்தில் நின்று, தாங்கள் எல்லோருக்கும் சொன்னபடியே, ஓட்டுநரின் கண்ணைத் தேடியிருக்கிறீர்கள். கண்ணாடி ஏற்றியிருந்தது. கறுப்பாக இருந்தது. அதில் தங்கள் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

அந்நேரம் தாங்கள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தீர்கள். தட்டச்சர் கோப்பு தேடும் சாக்கில் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தார். எந்தக் கோப்பு என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஆகவே இனி வருவதைச் சொல் மாறாமல் எழுத முடிகிறது.

"அக்கா, இந்தப் பக்கம்..."

"என்ன தம்பி, பக்க எண் விட்டுப்போச்சா?"

"அன்னிக்குக் கண்ணாடி மேலதான் இருந்துச்சுக்கா."

"தெரியும்."

"அப்ப ஏன் கீழேன்னு எழுதச் சொன்னீங்க?"

"நீங்க கீழேன்னு சொன்னீங்க. ஓட்டுநர் சொன்னதை எழுதற இடத்துல ஓட்டுநர் சொன்னதைத்தானே எழுதணும்?"

"விசாரணையிலயாவது சொல்லிருக்கலாமே."

"கையில மீட்டர் இல்லையே. அளக்காம ஒருத்தர் காரைக் கறுப்புன்னு நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. என் கை போச்சுங்கறதுக்காக மாத்திக்க முடியுமா?" தாங்கள் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய ரப்பர் முத்திரையை எடுத்துத் துடைத்தீர்களாம். "அளக்க முடியலைன்னுதான் உங்களைக் கேட்டேன். பயத்துல சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன். பயம் ரெண்டு நாள் இருக்கும், மூணாம் நாள் வந்து சொல்லுவார்னு இருந்தேன். வந்தீங்க. குடை கொண்டுவந்தீங்க."

தலைமை எழுத்தர் அந்தப் பக்கத்திலும் கையெழுத்திட்டுவிட்டுப் பதிவேட்டை மூடினாராம்.

அன்று தலைமை எழுத்தர் கண்ணாடியை ஏற்றாமலேயே வீடு போய்ச் சேர்ந்தார். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் அதுவரை கண்ணாடி கீழே இருந்தது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

"மீன் தொட்டின்னு சொன்னது நான்தான். அதுக்காக ஆளை இடிச்சுட்டு வந்து பொய் சொல்லச் சொன்னேனா?" என்றார். பிறகு சட்டென்று உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, நானும்தானே அவங்க வீட்டுக்கு வந்தேன். கட்டோட படுத்திருந்தவங்ககிட்ட, 'பார்த்து நடக்கக் கூடாதாக்கா'ன்னு கேட்டேனே. அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'இனிமே பார்த்து நடக்கறேம்மா'ன்னாங்க. நீங்க பக்கத்துல உட்கார்ந்து பழத்தை உரிச்சுட்டு இருந்தீங்க."

அன்று மாலையே தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனவர் அந்த அம்மாள்தான். சூடு காட்டினால் பசை இளகும். அவர் சூடு காட்ட, இவர் நகத்தால் உரிக்க, அக்கம்பக்கத்தார் மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க, நான்கு கண்ணாடியும் வெளுத்தன.

மறுநாள் அவர் எங்கள் பதினொரு பேரையும் டயர் கிடங்கில் கூட்டினார். நாங்கள் உடனே மனம் மாறிவிட்டோம் என்று எழுத ஆசைதான். அளந்ததை மட்டும் எழுதுவதாகத் தொடக்கத்திலேயே வாக்குக் கொடுத்துவிட்டோம்.

"எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கினா நம்ம எல்லார் வேலைக்கும் ஆபத்து சார்" என்றார் வாயிற்காவலர்.

"அக்கா இன்னும் மூணு வாரத்துல போகப்போறாங்க. பொதுவாகங்கற ஒரு வார்த்தைதானே. யாரு அதைப் படிக்கப் போறாங்க?" என்றார் தட்டச்சர்.

"அவங்க படிப்பாங்க" என்றார் தலைமை எழுத்தர். "நீங்க யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். நான் என் பங்கை எழுதி அனுப்பிட்டேன். தகவல் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

யாரோ ஒரு டயரில் ஏறி உட்கார்ந்தார்கள். கடைசியில் வாயிற்காவலர்தான் கேட்டார்: "அந்தத் தலைமுடிக் கருவி... ஞாயித்துக்கிழமை அண்ணி குடுப்பாங்களா?"

அது மற்ற பதினொரு வீட்டுக்கும் சுற்றி வந்து, கடைசி வீட்டில் எரிந்துபோயிற்று. ஆனால் எரிவதற்கு முன் வேலை முடிந்தது.

திங்கட்கிழமை காலை மழை பெய்தது. பல ஆண்டுகளில் முதல்முறையாகப் பன்னிரண்டு கார்களும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாயிலுக்குள் நுழைந்து, கண்ணாடிப் பிரிவுக்கு முன்னால் வரிசையில் நின்றன. நாங்கள் எல்லோரும் சொட்டுக்கூட நனையாமல் உள்ளே உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கே அது புதிதாக இருந்தது. தாங்கள் அந்தக் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு முறை பார்த்தீர்கள். ஒவ்வொரு கண்ணாடிக்கும் பின்னால் ஒவ்வொரு முகம் தெரிந்தது. எல்லா முகமும் தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன, இன்னிக்கு யாருக்கும் காத்து வேண்டாமா?" என்றீர்கள்.

அதைக் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது: இத்தனை ஆண்டும் தாங்கள் ஒரு நாளும் ஏமாறவில்லை. எங்கள் மாற்றுச் சட்டை, மடி விரிப்பு, செவ்வாய், புதன், எல்லாம் தங்களுக்குத் தெரியும். அளக்க ஒரு கண்ணாடியை யாராவது ஏற்றிக்கொண்டு வருவார்கள் என்று காத்திருந்திருக்கிறீர்கள். தேநீர்க் கடைச் சிரிப்பு நினைவுக்கு வந்து, எங்களில் பலருக்குக் காதுமடல் சுட்டது.

அன்று தாங்கள் பன்னிரண்டு காரையும் அளந்தீர்கள். வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாததால் இடது கையால் மானியைப் பிடித்து, வலது கையால் மெல்ல எழுதினீர்கள். தலைமை எழுத்தருக்கு எழுபத்துநான்கு. தேறிய கார்களுக்குப் போடும் முத்திரையைப் போட்டுவிட்டு அடுத்த காருக்கு நகர்ந்தீர்கள். அவர் இறங்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டச்சருக்கு அறுபத்தாறு, பசை மிச்சம். "நாலு பக்கத்துல ஒரு பக்கம்தானேக்கா" என்று அவர் இழுத்தபோது, "போய்த் துடைச்சுட்டு வாங்க" என்று சொல்லி வரிசையின் கடைசிக்கு அனுப்பினீர்கள். அந்த நாளில் எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது அப்போதுதான். தாங்கள் எங்கள்மேல் இரக்கப்பட்டு ஒன்றிரண்டு எண்ணைக் கூட்டிப் போட்டிருந்தால் நாங்கள் அதைத் தாங்கியிருக்கமாட்டோம்.

மதியத்துக்குள் பழைய வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதாகவும், அது பொய் என்றும், மற்ற பதினொரு பேரும் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. பதிவேட்டிலிருந்து அந்த வரியை அடிக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. ஏற்றும்போது மட்டும் எங்கள் கை எவ்வளவு வேகமாக ஓடியது! எங்களுக்கு என்ன தண்டனை வரும் என்பதும் தெரியாது. வருவது வரட்டும், கேட்டுக்கொண்டு வாங்கியதுதான். ஆனால் இன்று இந்த மேடையில் தங்கள் கையில் தரப்படும் சான்றிதழில் 'பொதுவாக' என்ற சொல் இருக்கும். அதைத் தடுக்க எட்டு மாத காலம் இருந்தது. எங்களில் ஒருவர்கூட அசையவில்லை. தங்கள் பணிக்காலத்தில் ஒரே ஒரு கறை உண்டென்றால் அது நாங்கள்.

பொறுத்தருள்க என்று கேட்கவில்லை. தாங்கள் அளக்காமல் எதையும் தரமாட்டீர்கள். எங்களை அளக்க இனித் தாங்கள் இங்கே இருக்கமாட்டீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம். இம்மடலை யார் வாசிப்பது என்று பேச்சு வந்தபோது, தலைமை எழுத்தரே வாசிக்கட்டும் என்று முடிவு செய்தோம். எழுதியது நாங்கள் பதினொரு பேர். தம்மைப் பற்றி நாங்கள் எழுதிய எதையும் திருத்தாமல், ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆகவே இதுவரை 'அவர்', 'அவர்' என்று ஒலிபெருக்கி முன்னால் தங்களைப் பார்த்தபடி வாசித்துக்கொண்டிருப்பவர் அவரேதான். முன்வரிசையில் அவருடைய மனைவி உட்கார்ந்திருக்கிறார். அந்த அம்மாளுக்கு அடுத்த நாற்காலியில் சாய்த்து வைத்திருப்பது, சக்கரத்துக்கு அடியில் போன தங்கள் பழைய குடை. தலைமை எழுத்தர் அதை எறியாமல் காரின் பின்பெட்டியிலேயே எட்டு மாதமும் வைத்திருந்திருக்கிறார். கம்பி மாற்றியாகிவிட்டது. துணி பழையதுதான்.

முறிந்த கை முன்போல் முழுதும் திரும்பட்டும். தங்கள் கண்ணொளி நூற்றுக்கு நூறாக நூறாண்டு நிற்கட்டும். தாங்கள் கடக்கும் ஒவ்வொரு சாலையிலும், நிற்கும் ஒவ்வொரு காரிலும், தங்களைப் பார்த்துவிட்ட ஒரு ஜோடிக் கண் தங்களுக்குத் தெரியட்டும்.

இம்மடலுக்குச் சட்டம் போடும் கடைக்காரர், எழுத்து மங்காமலிருக்க நிறம் கலந்த கண்ணாடி போடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். போட்டிருப்பது சாதாரணக் கண்ணாடி, அளவு தொண்ணூற்றொன்று. கீழே எங்கள் பெயருக்கு எதிரே இருப்பவை எல்லாம் அதன் வழியே தெளிவாகத் தெரியும். நம்பவேண்டாம், அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொய் வாக்குமூலத்தில் இருந்த அதே வரிசையில்,

தலைமை எழுத்தர் (அன்று இருபத்திரண்டு, இன்று எழுபத்துநான்கு)

வாயிற்காவலர் (அன்று முப்பத்தொன்று, இன்று எழுபத்திரண்டு)

தட்டச்சர் (அன்று பத்தொன்பது, இரண்டாம் முறை துடைத்தபின் எழுபத்தொன்று)

மற்றும் ஒன்பது பேர், அவரவர் அளவு அவரவர் கையெழுத்தில்.